ஆடலாசிரியன் அமைதியும் அரைமண்டியும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்பிக்கும்போதெல்லாம் நாம் மாதவியைப் பற்றியே மிகுதியாகப் பேசிவிடுகின்றோம். ஐந்தாம் அகவையில் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழன் அவையில் ஆடினாள். தலைக்கோற் சிறப்பும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் மதிப்புள்ள மாலையும் பெற்றாள். இவ்வளவையும் சொல்லி முடித்துத் தேர்வுக்கு இது போதும் என்று அடுத்த காதைக்குப் போய்விடுகின்றோம். காதையை எண்ணிப் பார்த்தால் செய்தி வேறாக இருக்கின்றது. இளங்கோவடிகள் அக்காதையின் பெரும்பகுதியை மாதவிக்குத் தரவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என்னும் அறுவருக்கும், அவர்கள் தொழில் செய்யும் அரங்கிற்குமே தந்திருக்கின்றார். ஒரு பெண்பிள்ளையை ஆட வைப்பதற்குமுன் ஆசிரியன் யார், அவன் என்ன அறிந்தவன், அவள் நிற்கப்போகும் தரை எத்தகையது என்று கேட்ட நூல் அது.

இதனை எண்ணும்படி நேர்ந்தது ஏட்டுக் கல்வியால் அன்று. சுவா வட்டாரத்துத் தோட்டப்புறத்தில், பள்ளி ஒன்றின் சிமெண்டுத் தரை மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் நடந்த பரத வகுப்பால்.

அதைக் கூறுமுன் மற்றொரு நூலையும் ஈண்டு எடுத்துக்கொள்ள வேண்டும். நந்திகேசுவரர் இயற்றிய அபிநய தர்ப்பணம் இன்றும் பரதம் பயில்வோர் கைநூல். ஈழத்துத் தமிழ்க் குடியிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1917ஆம் ஆண்டில் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்ட பிறகு உலகமே அதை அறிந்தது. கைமுத்திரைகளுக்காக நாம் அந்நூலைப் புரட்டுகின்றோம். ஆனால் அதில் ஆடுதற்குத் தகாதவர் யார் என்றொரு பட்டியலும் உண்டு. கண்ணிற் பூ விழுந்தவள், தலைமுடி குறைந்தவள், உதடு தடித்தவள், மிகப் பருத்தவள், மிக மெலிந்தவள், மிக நெடியவள், மிகக் குறியவள், கூனி, குரல் வளமற்றவள் என்று அது நீள்கின்றது. இப்பட்டியலை எந்த ஆசிரியரும் இன்று வகுப்பில் மனப்பாடம் செய்விப்பதில்லை. அவர்களுள் பலர் அதனைப் படித்ததும் இல்லை. ஆயினும் ஆண்டு விழாவிற்கு முன்வரிசையில் யாரை நிறுத்துவது என்று முடிவு செய்யும் வேளையில், அப்பட்டியல் எங்கிருந்தோ எழுந்து வந்துவிடுகின்றது. நூலில் இல்லாத ஒன்றையும் நாம் நம் பங்குக்குச் சேர்த்திருக்கின்றோம். அதுதான் நிறம்.

இளங்கோவடிகளை மட்டும் உயர்த்திப் பேசுவது நேர்மையாகாது. ஆடல், பாடல், அழகு என்னும் மூன்றிலும் குறைவற்றவள் என்றே மாதவியை அவரும் அறிமுகம் செய்கின்றார். அழகு அங்கும் வந்துவிட்டது. அன்றியும், அரங்கேறிய மாலையை நகர நம்பியர் திரியும் தெருவில் விற்பதற்காக நிறுத்தப்படுபவள் யார்? ஒரு கூனி. அரங்கின்மேல் அவளுக்கு இடமில்லை. தெருவில் மாலை பிடித்து நிற்கும் வேலை இருக்கின்றது. பல ஆண்டுகள் இவ்வடிகளை நடத்தியிருந்தும் யான் அவளைப் பொருட்படுத்தியதில்லை. என் பள்ளியில் ஒரு கால் பிறவியிலேயே குட்டையாக இருந்த பையனைத் திரை இழுக்க நிறுத்திவைத்த ஆண்டிற்குப் பிறகே அவள் என் கண்ணிற் பட்டாள். நிறுத்திவைத்தவன் யானே. அவனும் ஆட வேண்டுமென்றுதான் பெயர் கொடுத்திருந்தான்.

இனி ஆடலாசிரியன் அமைதிக்கு வருவோம். இருவகைக் கூத்தின் இலக்கணமும் அறிந்தவன். பதினோர் ஆடலும் பாட்டும் கொட்டும் தெரிந்தவன். ஒற்றைக் கை நிற்கவேண்டிய இடத்தில் இரட்டைக் கை வாராமலும், குரவையின் கால் வரியிற் புகாமலும் காப்பவன். இவ்வளவும் அறிவு பற்றிய தகுதிகள். மாணவியிடம் அவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி அடிகள் அங்கு ஒன்றும் கூறவில்லை. இதனை ஒரு குறை என்றே கொள்ளலாம். ஆனால் அந்த அறிவின் பரப்பை நோக்குக. பதினோர் ஆடலுள் குடக்கூத்து உண்டு. மரக்கால்மேல் நின்றாடும் ஆடலும் உண்டு. குரவையோ ஊரார் கைகோத்து ஆடுவது. இவையெல்லாம் அறிந்தவனே ஆசிரியன் என்றால், தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி மேளத்திற்குத் தன்னை மறந்து ஆடும் பையனையும், கரகம் எடுக்கும் பெண்ணின் மகளையும் அவன், "இது ஆட்டமன்று, இதை மறந்துவிட்டு வா" என்று தொடங்கமாட்டான். சனிக்கிழமை வகுப்பின் முதல் நாளில் என் செவியிற் பட்ட முதற்சொல் ஏறக்குறைய அதுவே. அதைக் கேட்ட பையன்கள் நால்வர் மறுவாரம் வரவில்லை. ஆண்பிள்ளைக்குப் பரதம் எதற்கு என்று வீட்டில் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். வகுப்பும் அதற்கு ஒத்தூதிவிட்டது.

ஆண்பிள்ளைக்கு எதற்கு என்று கேட்போருக்கு இந்நாட்டிலேயே விடை இருக்கின்றது. 1953ஆம் ஆண்டு பிறந்த ரம்லி இப்ராகிம் மலாய் முசுலிம் குடும்பத்தவர், பொறியியல் படித்தவர். அடையாறு கே. லட்சுமணனிடம் பரதமும், தேவபிரசாத் தாசிடம் ஒடிசியும் பயின்று, கோலாலம்பூரில் சூத்ரா என்னும் நடனக் கழகத்தை நிறுவினார். இந்திய அரசு 2018ஆம் ஆண்டு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. வந்தவர் யார் என்று பாராமல் ஏற்றுக்கொண்ட ஆசிரியர்கள் இல்லையென்றால் அவர் இல்லை. இதைவிடவும் என்னை நெகிழச் செய்வது நர்த்தகி நடராசின் வரலாறு. மதுரையிலே திருநங்கையாக வளர்ந்து, வீட்டாலும் தெருவாலும் ஒதுக்கப்பட்ட அவரைத் தஞ்சை கிட்டப்பா பிள்ளை மாணவியாக ஏற்றார். தஞ்சை நால்வரின் வழிவந்தவர் கிட்டப்பா. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் அந்நால்வரும்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அடவுகளையும் கச்சேரி முறையையும் இன்று நாம் காணும் ஒழுங்கில் அமைத்தவர்கள். மரபின் நடுவிலே அமர்ந்திருந்தவரே கதவைத் திறந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். 'மரபு இடங்கொடாது' என்று சொல்லி மறுக்கும் நம்மவர்க்கு, கிட்டப்பா பிள்ளையைவிட மரபு நன்கு தெரியுமா? நர்த்தகி 2019இல் பத்மசிறீ பெற்றார்.

கதவு அடைக்கப்பட்ட வரலாறும் இதன் பக்கத்திலேயே இருக்கின்றது. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டியார் போராடினார்; 1947இல் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டம் வந்தது. அது வேண்டிய சட்டம். அதே காலத்தில் ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் மேடையேறி, 1936இல் கலாசேத்திரத்தைத் தோற்றுவித்தார். மேல்தட்டுக் குடும்பத்துப் பெண்கள் ஆட வந்தனர். தலைமுறை தலைமுறையாக ஆடலைக் காத்துவந்த குடும்பத்துப் பெண்களோ பெரும்பாலும் மேடையிலிருந்து மறைந்தனர். கலை தூய்மை பெற்றது என்று நாம் புத்தகத்தில் எழுதிவைத்தோம். தூய்மை பெற்றது என்று எழுதும்போதே எவரையோ அழுக்கென்று எழுதுகின்றோம் என்பது நமக்கு உறைக்கவில்லை. மறையாது நின்றவர்களுள் தலைசிறந்தவர் பாலசரசுவதி. 1976ஆம் ஆண்டு சத்தியசித் ரே எடுத்த 'பாலா' என்னும் படத்தில் கடற்கரையில் அவர் அபிநயம் செய்வதைக் காணலாம். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்தெட்டு, உடல் பருத்தவர். அபிநய தர்ப்பணத்துப் பட்டியலை வைத்துப் பார்த்தால் தள்ளப்பட வேண்டியவர். அந்தப் படத்தை நடன ஆசிரியர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு, 'பருத்த பிள்ளை பின்வரிசையில் நில்' என்று சொல்லிப் பார்க்கட்டும்.

இதுவரை உள்ளத்தைப் புண்படுத்துவது பற்றிப் பேசினோம். உடலைப் புண்படுத்துவது பற்றியும் பேச வேண்டும். இதில்தான் நம் ஆசிரியர்கள் மிகவும் அறியாமல் தவறுகின்றனர்.

பரதத்தின் அடிப்படை நிலை அரைமண்டி. குதிகால்கள் நெருங்கி, பாதங்கள் இருபுறமும் திரும்பி, முழங்கால்கள் பக்கவாட்டில் மடிய அமர்ந்து நிற்றல். பாதம் வெளிப்புறமாகத் திரும்ப வேண்டுமானால் அத்திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு மூட்டின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. சில பிள்ளைகளுக்கு எளிதில் திரும்பும். சிலர்க்குப் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகும் ஓரளவே திரும்பும். திரும்பாத பிள்ளையை ஆசிரியர் அதட்டினால் அது என்ன செய்யும்? இடுப்பால் இயலாததைப் பாதத்தால் செய்து காட்டும். பாதம் மட்டும் வெளியே திரும்பி நிற்க, முழங்கால் முன்னோக்கியே நிற்கும். இரண்டிற்கும் இடையே முழங்கால் மூட்டு முறுக்கப்படும். பாதத்தின் உள்வளைவு தரையில் அமிழும். இடுப்பு பின்தள்ளி முதுகு வளையும். பார்ப்பதற்கு அரைமண்டி போலவே இருக்கும். அந்த நிலையிற் கால் தூக்கித் தட்டும் ஒவ்வொரு தட்டும் முழங்காலிற்கும் குதிகாலிற்கும் அடியாக விழும். அதுவும் மண்மேல் நேராக இட்ட சிமெண்டுத் தரையில், வெறுங்காலால், ஒரு மணி நேரம். மேல்நாட்டு பாலே நடனப் பள்ளிகளில் அடியில் வெற்றிடம் விட்டு மரப்பலகை பரப்புகின்றார்கள். மிதித்தால் சற்றே கொடுத்து எழும் தரை அது. அரங்கேற்று காதையும் அரங்கின் பலகை என்றே பேசுகின்றது. எழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம்; கோல் என்பது இருபத்து நான்கு விரல். பலகை இட்டது காலின் நலம் கருதியே என்று யான் வலிந்து பொருள் கொள்ளவில்லை. ஆனால் மிதிக்கும் தரையை அளந்து சொல்வது ஆசிரியத் தொழிலின் ஒரு பகுதி என்று அந்நூல் கருதியதற்கு ஐயமில்லை.

நம் வகுப்பில் உடலைச் சூடேற்றும் பயிற்சி இல்லை. வணக்கம் சொன்னதும் தட்டடவு. பிள்ளைகள் பலர் காலையில் ஒரு தேநீரோடு வந்தவர்கள். இடையில் நீர் குடிக்கக் கேட்டால் சோம்பல் என்று பெயர். மாதவிலக்கு நாளில் வலியென்று சொல்லப் பெண்பிள்ளைகளுக்கு நாவெழாது. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி இரண்டு மாதம் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆட்டம் என்றால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள் அம்மா" என்று யானும் சொல்லியனுப்பினேன். ஒரு நாள் பள்ளிப் பேருந்தில் ஏறும்போது அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடலைத் தூக்கி ஏறியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். மருத்துவர் மூன்று மாதம் ஆடக்கூடாது என்றார். அவள் தாய் செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கி மாதக் கட்டணம் கட்டியவர். "ஐயா நீங்க இருக்கீங்கன்னுதான் விட்டேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மற்றொன்று, கோல். மாதவி ஐந்தாம் ஆண்டில் தண்டியம் பிடித்தாள் என்பர். தண்டியம் என்பது பயில்வோர் பற்றிக்கொண்டு நிற்கும் கோல். நட்டுவனார் தட்டுமனையில் தாளம் காட்டத் தட்டுக்கழி வைத்திருப்பார். தாளத்திற்காக எடுத்த கழி பிள்ளையின் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் போவதை நம்மில் யார் பார்க்கவில்லை? அதைக் குருவின் அருள் என்று பெருமையாகச் சொல்லும் பெரியவர்களையும் யான் கேட்டிருக்கின்றேன். இந்நாட்டுப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கக் கூடாது என்பது 1959ஆம் ஆண்டு ஒழுங்கு விதியிலேயே உண்டு. கணக்காசிரியர் செய்தால் புகார் எழும் செயலை, அதே கட்டடத்தில், சனிக்கிழமையில், கலையாசிரியர் செய்தால் மட்டும் நாம் ஏன் வணங்கிப் பார்த்திருக்கின்றோம்?

இந்த வணக்கத்தின் பின்னால் இன்னும் கொடியவை ஒளிந்துகொள்ள இடமுண்டு. 2023ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் கலாசேத்திர மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்து அமர்ந்தனர். பாலியல் தொல்லை, உருவக் கேலி என்று அவர்கள் எழுப்பிய புகார்களை மாநில மகளிர் ஆணையத் தலைவர் நேரில் சென்று கேட்டார். ஏப்ரலில் ஆசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. பெரிய நிறுவனத்திலேயே மாணவர் வாய்திறக்க அத்தனை துணிவு வேண்டியிருந்ததென்றால், தோட்டத்துப் பத்து வயதுப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? சிறார்மீதான பாலியற் குற்றங்களுக்கு மலேசியாவில் 2017இல் தனிச்சட்டமே வந்துவிட்டது. சட்டம் பின்னால் வருவது. வகுப்பு நடக்கும் மண்டபத்தின் கதவு திறந்திருக்கிறதா, உடன் ஓர் ஆசிரியை இருக்கிறாரா, பிள்ளையின் இடுப்பையோ தோளையோ திருத்துமுன் 'தொடலாமா' என்று கேட்கப்படுகிறதா என்பவை தலைமையாசிரியர் முன்னாலேயே பார்க்க வேண்டியவை. கேட்பதால் குருவின் பெருமை குறையும் என்று ஓர் ஆசிரியர் என்னிடம் வருந்தினார். கேட்டால் குறைந்துபோகும் பெருமையை வைத்து என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை.

இளங்கோவடிகள் சொல்லாமல் விட்டதைப் பவணந்தியாரிடம் தேடலாம். நன்னூற் பொதுப்பாயிரம் ஆசிரியர்க்கு அருளை வேண்டுகின்றது. நிலம் போலப் பொறுமையும், நிறைகோல் போல நடுவுநிலையும் வேண்டுகின்றது. மாணாக்கன் கொள்ளும் வகையறிந்து அவன் உள்ளம் கொள்ளுமாறு கொடுக்க வேண்டும் என்கின்றது. அரைமண்டிக்கு இதனைப் பொருத்திப் பாருங்கள். கொள்ளும் வகை என்பது அறிவுக்கு மட்டும் உரியதா? இடுப்பு மூட்டிற்கும் ஒரு கொள்ளும் வகை உண்டு. எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவே பாதத்தைத் திருப்பி, முழங்கால் பாதவிரலின் நேரே நிற்கும்படி அமரவைத்துத் தொடங்கினால், ஆழம் ஆண்டுகளில் தானே வரும். வராவிட்டாலும் அந்தப் பிள்ளை தாளமும் கையும் கண்ணும் கற்றிருக்கும்.

நன்னூலையும் முழுமையாக ஏற்பதற்கில்லை. ஆசிரியர் தகுதியில் அருளுக்கும் முன்னே 'குலன்' நிற்கின்றது. பாடம் சொல்லத் தகாதவர் வரிசையில் கள்வனோடும் படிறனோடும் பிணியனும் மந்தனும் சேர்ந்து நிற்கின்றனர். நோயாளிப் பிள்ளையும் மெல்லக் கற்கும் பிள்ளையும் கள்வனோடு ஒரே வரிசையில்! தமிழ்ப்பாடத்தில் நாம் இந்நூற்பாவை என்றோ கைவிட்டோம். மெல்லக் கற்போர்க்குத் தனி வகுப்பு வைத்து, தனி ஆசிரியர் அமர்த்தி, அவர்களையும் எழுதப் படிக்க வைக்கின்றோம். நடன வகுப்பில் மட்டும் அந்நூற்பா இன்னும் உயிரோடிருக்கின்றது.

சுதா சந்திரன் என்னும் நடனமணி 1981இல் நேர்ந்த விபத்தால் ஒரு காலை இழந்து, ஜெய்ப்பூர்ச் செயற்கைக் கால் பொருத்தி மீண்டும் ஆடினார். அவர் வரலாறு திரைப்படமாகவும் வந்தது. அப்படத்தைப் பள்ளியில் காட்டி, 'அவரால் முடிந்தது உன்னால் ஏன் முடியாது' என்று கேட்பவர்களை யான் ஒப்புக்கொள்வதில்லை. ஒருவரின் அரிய வெற்றியை எடுத்து மற்றொரு பிள்ளையை அடிப்பது பிரம்பைவிட நல்லதன்று. நாம் மாற்ற வேண்டியது பிள்ளையையா, பாடத்தையா? அமர்ந்தபடியே பதத்திற்கு அபிநயம் செய்வது பழைய ஆடல்மகளிரிடம் இருந்த முறைதான். அதற்குக் கால் தேவையில்லை. முகமும் கையும் பொருள் உணர்ந்த உள்ளமும் வேண்டும். அரைமண்டி அமையாத பிள்ளைக்கும், கால் குட்டையான பிள்ளைக்கும், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் அதிலே இடமுண்டு. நம் ஆசிரியர்களிடம் இதைச் சொன்னால், 'அது பெரியவர்கள் செய்வது, விழாவில் எடுபடாது' என்கின்றார்கள். விழாவில் எடுபடுவது எது? ஒரே உயரம், ஒரே உடை, ஒரே நிறம்போலப் பூசிய முகம், ஒலிபெருக்கியில் பாட்டு. முகப்பூச்சைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். கரிய பிள்ளையின் முகத்தில் வெண்பூச்சும் கழுத்தில் அவள் நிறமுமாக நிற்பதைக் கண்டு நாம் கைதட்டுகின்றோம்.

அரங்கேற்றச் செலவைப் பற்றியும் ஒரு சொல். மாதவியின் அரங்கேற்றத்தில் பொன் கொடுத்தவன் அரசன். இன்று உடை, அணிகலன், பக்கவாத்தியம், மண்டபம், விருந்து என்று பல்லாயிரம் வெள்ளியைப் பெற்றோர் கொடுக்கின்றார்கள். கொடுக்க இயலாதவரின் பிள்ளை எத்தனை ஆண்டு பயின்றாலும் 'முடிக்காதவள்' ஆகிவிடுகின்றாள். தாயின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போய் நடந்த அரங்கேற்றத்திற்கு அழைப்பிதழ் வந்து யானும் போயிருக்கின்றேன். வகுப்பிலேயே, பள்ளி மண்டபத்திலேயே, உடன்பயில்வோர் முன்னால் ஒரு வரிசையை ஆடிக் காட்டினால் அதுவும் அரங்கேற்றம் என்று ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ளத் தடை என்ன?

சனிக்கிழமை வகுப்பு இப்போது நடக்கின்றது, ஆசிரியர் வேறு. அவர் முதல் கால் மணி நேரம் பிள்ளைகளை நடக்கவும் மூட்டுகளைச் சுழற்றவும் வைக்கின்றார். நீர்க்குப்பிகள் சுவரோரம் வரிசையாக இருக்கின்றன. உறுமி அடிக்கும் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, அவன் அடியையே தட்டடவின் நடைக்குப் பொருத்திக் காட்டினார். போன நால்வரில் இருவர் திரும்பி வந்தனர். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் மண்டபத்தில் பலகை பரப்ப மரம் தருவதாக ஒப்புக்கொண்டு, அளவு கேட்டார்கள். எழுகோல் எண்கோல் என்று யான் தொடங்க, தச்சர், "அடியில் சொல்லுங்கள் ஐயா" என்றார். முழங்கால் வலித்த மாணவி இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள். அங்கு ஆடுகிறாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. திரை இழுத்த பையன் இவ்வாண்டு ஐந்தாம் வகுப்பு. அமர்ந்தாடும் பதம் ஒன்றிற்கு அவன் பெயரை எழுதியிருக்கின்றோம். எந்தப் பாட்டு என்பதில் மட்டும் அவனுக்கும் ஆசிரியர்க்கும் இன்னும் ஒத்துவரவில்லை. முருகன்மேல் வேண்டுமென்கிறான் அவன். கண்ணன்மேல் என்றால் முகபாவம் மிகுதி என்கின்றார் அவர்.